ராசித் துண்டு

தம்பி: அய்யோ… மெதுவாக்கா! தொடை அது. தரையைத் தேய்க்கிற மாதிரி தேய்க்கிற!

அக்கா: ஊசியால குத்திப் பிதுக்கும்போது மட்டும் சுகமா இருந்துச்சாக்கும்?

தம்பி: நான் எங்க குத்தினேன்? அதுவா உடைஞ்சது.

அக்கா: ஆமாமா. அதுவா எழுந்து போய் ஊசியைத் தேடி, அதுவா குத்திக்கிச்சு. நர்ஸ்கிட்டயே கதை விடு.

தம்பி: சின்னக் கட்டிக்கா…

அக்கா: பிதுக்கினா சீழ் வெளிய மட்டுமா வரும்? கிருமி உள்ளயும் இறங்கும். ஸ்டஃபைலோகாக்கஸ்.

தம்பி: ஏதோ வெளிநாட்டு கோல்கீப்பர் பேரு மாதிரி இருக்கு.

அக்கா: உன்னைவிட நல்லா ஆடும். நிறையப் பேரு மூக்குல சும்மா உக்காந்திருக்கும். தோல்ல ஒரு கீறல் கிடைச்சாப் போதும், நேரா கோல்தான்.

தம்பி: நான்தான் தினமும் குளிக்கிறேனே!

அக்கா: குளிச்சிட்டு எதுல துடைக்கிற?

தம்பி: துண்டுலதான்…

அக்கா: யாரு துண்டு?

தம்பி: டீம் துண்டு.

அக்கா: மொத்த டீமுக்கும் ஒண்ணே ஒண்ணா?

தம்பி: ராசித் துண்டுக்கா அது! முதல் மேட்ச் ஜெயிச்சதிலேர்ந்து துவைக்கவே இல்ல. துவைச்சா ராசி போயிடும்னு கேப்டன்…

அக்கா: அடடா, என்ன ஒரு மூளை! ராசியும் போகல, கிருமியும் போகல. எத்தனை பேருக்குக் கட்டி?

தம்பி: ரெண்டு பேர்… இல்ல, அஞ்சு.

அக்கா: ஒற்றுமையான டீம்தான். டாக்டர் குடுத்த மாத்திரை எங்க?

தம்பி: தீர்ந்துபோச்சு.

அக்கா: ஒரு வாரத்து மாத்திரை, ரெண்டே நாள்லயா?

தம்பி: பசங்களுக்கும் வலிச்சுதுல்ல… ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தேன்.

அக்கா: வள்ளல்! மிட்டாயாடா அது? பாதியில விட்டா கிருமி சாகாது. பாடம் படிச்சுட்டுத் திரும்பி வரும். படிப்புலயும் அது உன்னைவிடக் கெட்டி.

தம்பி: சரி சரி… மேல பிளாஸ்திரி ஒட்டிவிடு. ஞாயித்துக்கிழமை ஃபைனல்.

அக்கா: புண்ணு ஆறுற வரைக்கும் மைதானம் பக்கமே போகக் கூடாது.

தம்பி: அக்கா… சும்மா ஒரு சந்தேகம். ஒருத்தனுக்குக் கட்டியோட காய்ச்சலும் வந்தா?

அக்கா: எந்த ஒருத்தனுக்கு?

தம்பி: பொதுவாத்தான். பொது அறிவுக்கு.

அக்கா: இவ்வளவு நாளா இல்லாத அறிவு, இன்னைக்குத்தான் முளைக்குதா? காய்ச்சல், நடுக்கம்னா உடனே ஆஸ்பத்திரி. ரத்தத்துல கலந்துட்டா உயிருக்கே ஆபத்து.

தம்பி: ஃபைனல் முடிஞ்சதும் போனா…?

அக்கா: ஆளே முடிஞ்சிடுவான்.

தம்பி: சீக்கிரம் கட்டுப் போடுக்கா… வெளிய போகணும்.

அக்கா: என்ன, வாய்க்குள்ள ராசித் துண்டை அடைச்ச மாதிரி முனகுற?

தம்பி: கேப்டன்தான்கா! முட்டிகிட்ட செக்கச்செவேல்னு வீங்கியிருக்கு. காலையில பார்த்தப்போ போர்வைக்குள்ள நடுங்கிட்டு இருந்தான். உங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாது, ஃபைனலையே நிறுத்திடுவாங்கன்னு சத்தியம் வாங்கிட்டான். இப்போ போனும் எடுக்கல… பயமா இருக்குக்கா. வா, போலாம்!

அக்கா: உக்காரு. கட்டு இன்னும் முடியல.

தம்பி: அவன் அங்க சாகக் கிடக்கிறான், உனக்குக் கட்டுதான் முக்கியமா?

அக்கா: கத்தாத. மத்தியானமே அவங்கம்மா கூட்டிட்டு வந்துட்டாங்க. எங்க வார்டுலதான் இருக்கான், மருந்து ஏறுது, காய்ச்சல் இறங்குது. 'உங்க தம்பிகிட்ட சொல்லாதீங்கக்கா, அவனாவது நிம்மதியா ஆடட்டும்'னு எங்கிட்டயும் ஒரு சத்தியம் வாங்கினான். நீயா வாயைத் திறக்கிறியான்னுதான் இவ்வளவு நேரமும் குடைஞ்சேன்… இன்னும் ஒரு நாள் மறைச்சிருந்தா உன்னை மன்னிச்சிருக்கவே மாட்டேன்டா. போ, சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. மிச்ச பசங்களையும் காலையில டாக்டர்கிட்ட வரச் சொல்லு. அப்புறம், அந்தத் துண்டைத் தேடாத. அதை வார்டுல தலையணைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தான் உங்க கேப்டன், நான்தான் பிடுங்கிட்டு வந்தேன். பின்கட்டு அடுப்புல கொதிக்குது பாரு, உங்க ராசி இந்நேரம் வெந்திருக்கும்.