கல் நடாத வளைவு

மாலை ஆறு மணி. மழை விட்டுவிட்டது. ஆனால் பனிமூட்டம்... அது இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்துப் பனிமூட்டம். நீட்டிய கையின் விரல் நமக்கே தெரியாது.

தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்து மேற்பிரிவுக்கு ஏறும் வண்டிப்பாதை. ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் பள்ளம். பள்ளத்தின் அடியில் ஓடுகிற ஆறு கண்ணுக்குத் தெரியாது. இரைச்சல் மட்டும் ஏறி வரும். அந்தப் பாதையில் ஒருவர் மருந்துப் பெட்டியோடு தனியாக நடந்து வருகிறார்.

அவர் பெயர் முத்துலிங்கம். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர். ஆட்களுக்கு அவர் டாக்டரய்யா. என் சிநேகிதன் செல்லசாமியின் அக்காவைக் கட்டியவர். செல்லசாமி எனக்குச் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். இதில் எங்கள் குடும்பமும் வருகிறது. ஆகையால் கடைவீதியில் பேசுவதைப் போல என்னால் பேச முடியாது. விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். நெருங்கி உட்காருங்கள். கதவோரம் யாரும் வேண்டாம்.

எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை போய்ச் சில வருஷம் ஆகியிருந்த காலம் அது.

பாதை கொண்டை ஊசி போலத் திரும்பும் இடத்தில் ஒரு பெண் நின்றாள். சாக்கை முக்காடாகப் போட்டிருந்தாள். முதுகில் கொழுந்துக் கூடை. கூடைக் கயிறு உச்சந்தலையில் அழுந்தியிருந்தது. கழுத்து முன்னால் வளைந்து கிடந்ததால் முகம் தெரியவில்லை. கொழுந்து நிறுத்து எல்லோரும் லயத்து வீடுகளுக்குப் போய்விட்ட நேரம். இவளுக்கு மட்டும் இன்னும் முதுகில் என்ன சுமை என்று அவர் நினைத்தாராம்.

"ஐயா... கொஞ்சம் எறக்கி விடுங்க."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூடைக்கு அடியில் கை கொடுத்தார். கூடையில் கனமே இல்லை. ஓர் இலை கூட இல்லை. விளக்கெண்ணெய் வாடை அடித்தது. கூடவே கார்போலிக் வாடை... அவருடைய மருந்து அறையின் வாடை. கை நழுவி அவள் மணிக்கட்டில் பட்டது. பழக்க தோஷம், நாடி பார்த்தார். நாடி இல்லை. ஓடைக் கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

ஆனால் ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்... வேகமாக. தலையணைக்கு அடியில் கடிகாரத்தை வைத்தால் எப்படிக் கேட்கும், அப்படி. வைத்தியம் படித்தவர்களுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். கர்ப்பிணியின் வயிற்றில் மரக்குழலை வைத்துக் காதை அழுத்தினால்தான் கேட்கும். அவருக்குக் குழல் இல்லாமலே கேட்டது.

"கூடையை இல்லீங்க ஐயா," என்றாள் அவள். "மத்தத."

குரல் அவருக்குத் தெரிந்த குரல். அந்தக் குரலுக்கு உரியவளை ஆடி மாதம் தேயிலைக்குள் குழி வெட்டிப் புதைத்திருந்தோம். அவர் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்.

அவள் வீரம்மா. என் பெரியப்பா சோலைமலைக் கங்காணியின் மூத்த மருமகள். பெரியப்பாவை உங்களில் யாரும் பார்த்ததில்லை. கறுத்தக் கோட்டு, தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட தடி. வெள்ளைக்காரத் துரையே குதிரையை நிறுத்தி அவரோடு பேசிவிட்டுப் போவான். அவருடைய மூத்த மகன் மரம் விழுந்து இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைச் சேலையோடு வீட்டில் இருந்த வீரம்மாவுக்கு வயிறு வீங்கத் தொடங்கியது.

வயிறு வீங்க இரண்டு காரணம் உண்டு. ஒன்று மகோதரம், வயிற்றில் நீர் கட்டும் நோய். இன்னொன்றை நான் சொல்ல வேண்டியதில்லை. முதலாவது வந்தால் வீட்டில் ஒரு நோயாளி. இரண்டாவது என்றால், விதவை இருக்கிற வீட்டில், அத்தனை பேரும் தலை குனிய வேண்டும். பெரியப்பா டிஸ்பென்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

முத்துலிங்கம் கெட்டிக்காரர். முதலில் அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்திருந்தது. கொக்கிப் புழு இரத்தத்தைக் குடித்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. காலை விரலால் அழுத்தினார். விழுந்த குழி எழும்பவில்லை. பிறகு வயிறு. நீர் கட்டிய வயிறானால் ஒரு பக்கம் தட்டினால் அலை மறு பக்கம் போய் மோதும். ஆளைப் புரட்டினால் வீக்கமும் சரிந்து புரளும். வீரம்மாவின் வயிறு சரியவில்லை. நடுவில் திடமாக நின்றது. மரக்குழலை வைத்தார். வெகு நேரம் காதை எடுக்கவில்லை.

வாசலில் பெரியப்பா நின்றார். தடி தரையில் தட்டிக்கொண்டே இருந்தது.

"நான் கேக்குறது ஒண்ணுதான் டாக்டரய்யா," என்றார். "மகோதரம்னா அவ எங்க மருமக. வேறன்னா எங்க மருமக இல்ல."

உள்ளேயிருந்து வீரம்மா கேட்டாள். "தண்ணி ஒதைக்குமாங்க ஐயா?"

முத்துலிங்கம் மகோதரம் என்று சொன்னார்.

சொன்ன பிறகு, சொன்ன நோய்க்குத்தானே மருந்து கொடுக்க வேண்டும்? உப்பை நிறுத்தினார்கள். தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். நீர் இறங்குவதற்கென்று நாள் தவறாமல் பேதிக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது இரும்புச் சத்து மருந்தும் நல்ல சாப்பாடும். கிடைத்தது விளக்கெண்ணெய். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாம். அங்கே எந்த டாக்டரும் கையை வைத்ததுமே உண்மையைச் சொல்லியிருப்பான். அதனால் அனுப்பவில்லை. ஆடி மழையில், விடிகிற நேரத்தில் போய்விட்டாள்.

உடம்பைக் குளிப்பாட்டியவள் மருத்துவச்சி காளியாயி. லயத்துப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் பிறந்தவை. அவள் வெளியே வந்து பெரியப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். வயிறு அடங்கவில்லை, உள்ளே இருக்கிறது, சுமைதாங்கி வைக்க வேண்டும் என்றாள்.

உங்களில் சின்னவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி செத்தால், அவள் பெயரில் பாதையோரம் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் பாவ வேண்டும். சுமையோடு வருகிறவர்கள் அதன் மேல் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். ஒவ்வொரு சுமை இறங்கும்போதும் அவள் வயிற்றுச் சுமையும் இறங்கும். கல் இல்லாவிட்டால் இறங்காது. நம் பாட்டன்மார் கப்பலேறி வரும்போது கூடக் கொண்டுவந்த வழக்கம் இது.

ஆனால் கல் நட்டால் பார்க்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

"நோயில செத்தவளுக்குக் கல்லு எதுக்கு?" என்றார் பெரியப்பா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

என்ன தம்பி? பிள்ளை யாருடையது என்றா கேட்கிறாய்? அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் கேட்கப்பட்டதில்லை. பேசாமல் கேள்.

வளைவிலிருந்து ஓடி வந்த முத்துலிங்கம் தன் உயிருக்காக மட்டும் பயப்படவில்லை. அவர் மனைவி ராசம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். கலியாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, வேண்டாத கோயில் இல்லை என்று வேண்டிக்கொண்டு உண்டான முதல் பிள்ளை. ஆறு மாதம் முடிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்ததும் மனைவியின் வயிற்றில் குழலை வைத்துக் கேட்பார். செல்லசாமியையும் கூப்பிட்டுக் கேட்க வைப்பார். "உன் மருமகன் கடிகாரம் கட்டிக்கிட்டுத்தான் வர்றான்டா," என்று கேலி செய்வாராம். காளியாயி தன் கையால் தடவிப் பார்த்து, தலை இந்தப் பக்கம், கால் இந்தப் பக்கம் என்று காட்டியிருந்தாள்.

வளைவில் வீரம்மாவைப் பார்த்த மறுநாள் காலை முத்துலிங்கம் பெரியப்பாவைத் தேடி வந்தார். அப்போது நானும் வாசலில்தான் இருந்தேன். அவர் முகம் செத்திருந்தது. ஒரு கல் வைத்துவிடலாம் கங்காணி, செலவு முழுக்க என்னுடையது, இரவோடு இரவாக வைத்தாலும் போதும் என்று கெஞ்சினார்.

பெரியப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை.

"அவளுக்கு என்னா நோய்னு சொன்னீங்க?"

"மகோதரம்."

"அது பொய்யா டாக்டரய்யா? பொய்ன்னா இப்பவே சொல்லுங்க. துரைகிட்ட ரெண்டு பேரும் போவோம்."

பொய் என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் கல் வந்திருக்கும். அவர் வேலையும் பெயரும் போயிருக்கும். எங்கள் மானமும் போயிருக்கும். முத்துலிங்கம் அதைச் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இருந்தாலும் எங்களுக்காக முதலில் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அந்த மட்டில் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு அந்தப் பாதையில் பொழுது சாய்ந்து போவதை நிறுத்தினார். குறுக்குப் பாதையில் போனார். குறுக்குப் பாதையிலும் அவள் நின்றாள். செல்லசாமியைத் துணைக்குக் கூட்டிப் போனார். செல்லசாமி கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பனிக்குள் விளக்கெண்ணெய் வாடை அடித்ததாகச் சத்தியம் செய்தான். பக்கத்தில் வந்துகொண்டிருந்த மச்சான் திடீரென்று நின்று, யாருக்கோ வழி விடுவது போல ஒதுங்கினாராம்.

ராசம்மாவுக்கு மாதம் நெருங்கியது. ஒரு மாலை, யாரிடமும் சொல்லாமல், அவர் தானாகவே அந்த வளைவுக்குப் போனார். அங்கே நடந்ததைப் பிறகு செல்லசாமியிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. அவர்தான் பேசினார். என்னால் கல் வைக்க முடியவில்லை, என் வீட்டை விட்டுவிடு என்று கும்பிட்டார்.

 ஆற்று இரைச்சல் நின்றுபோன மாதிரி இருந்ததாம்.

"தண்ணிதானே ஐயா," என்றாள். "அப்ப நீங்களே வாங்கிக்கிடுங்க."

நீட்டிய அவர் கைகளில் ஏதோ ஏறியது. கனம். குளிர்ந்த கனம். கைக்குள் ததும்பியது...

அவர் வீடு வந்து சேர்ந்தபோது செல்லசாமிதான் கதவைத் திறந்தான். மச்சான் இரண்டு கைகளையும் முன்னால் ஏந்தியபடி நின்றார். கையில் ஒன்றும் இல்லை. வெளியே மழையும் இல்லை. முழங்கை வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சத்தம் கேட்டு ராசம்மா படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். அப்போது அவள் வயிற்றுக்குள் களக் என்று ஒரு சத்தம். அரைக் குடம் தண்ணீரை ஆட்டினால் வருகிற சத்தம்.

முத்துலிங்கம் குழலை எடுத்து வைத்தார். கேட்டார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். குழலைச் செல்லசாமியிடம் நீட்டிவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். செல்லசாமியும் கேட்டான். ஒன்றும் இல்லை.

விடிந்ததும் லொறியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் சிங்களவர். வயதானவர், நிதானமானவர். ஒரு பக்கம் தட்டினார். அலை மறு பக்கம் போய் மோதியது. ஆளைப் புரட்டினார். வீக்கம் சரிந்து புரண்டது. ஊசி குத்தி நீரை இறக்கினார்கள். வாளி வாளியாகத் தண்ணீர். வற்றிய பிறகு அந்த வயிற்றில் எதுவுமே இருக்கவில்லை. எந்தக் காலத்திலும் பிள்ளை தங்கிய அடையாளம் இல்லை என்றார் டாக்டர். முத்துலிங்கம் தன் காதால் கேட்ட சத்தத்தைச் சொன்னார். ஆசையோடு கேட்டால் அப்படித்தான், உன்னுடைய நாடியே உன் காதில் அடித்திருக்கும் என்று அவர் தோளைத் தட்டினார் டாக்டர். கூட வந்திருந்த காளியாயி மட்டும் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்தக் கையால தலையைத் தொட்டேனே என்று சொன்னாள். 

ராசம்மா பிழைத்தாள். கண் விழித்ததும் புருஷனைப் பார்த்து, "ஒதைச்சுச்சே," என்றாள்.  அந்த மாதமே வேலையை விட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். பிறகு தகவல் இல்லை.

எங்கள் குடும்பம் அந்த வளைவில் கல் நடவில்லை. பெரியப்பாவுக்குப் பிறகு லயத்து ஆட்கள் என்னிடமும் வந்து கேட்டார்கள். நானும் சம்மதிக்கவில்லை. மகோதரத்தில் செத்தவளுக்குக் கல் கிடையாது. டிஸ்பென்சர் சொன்ன சொல் அது. எங்கள் வீட்டில் அதுதான் சொல்.

ஆனால் ஒன்று...

ராசம்மாவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு லொறிக்காரன் அழகன் தோட்டத்துக்குத் திரும்பி வந்தான். நல்ல வெயில், மூட்டமே இல்லை. ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று அப்போது அவனுக்குத் தெரியாது. வளைவில் ஒரு பெண் பாதைக்கு முதுகு காட்டி, தேயிலைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாளாம். தலையில் முக்காடு இல்லை. மடியில் எதையோ சாக்கில் சுற்றி வைத்திருந்தாள். தோள் மட்டும் மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

பாதையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாளே என்று அழகன் ஹாரன் அடித்தான்.

அவள் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் தூக்கிக் காட்டினாளாம்... சத்தம் போடாதே என்கிற மாதிரி.