மே மாதத்துப் பூஜ்யம்

– ‘2012 மே 22, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். நிலத்தடி நீர்க் கணக்குக்குக் காலத்தை மாதம் மாதமாக வெட்டியிருந்தேன். மீன்பிடித் தடை மாதத்தின் பாதியில் தொடங்குவதை யோசிக்கவில்லை.’ ஏட்டி பிரிஜா, இத எழுததுக்கா நோட்டு வாங்கின?

– அண்ணா, கொண்டா இஞ்ச. அது எனக்குள்ளது.

– இரி, இன்னும் கெடக்கு. ‘ஆகவே பதினைந்து நாள் துண்டுகளாக மாற்றினேன். ஐஸ் கம்பெனி மோட்டார்: ஏப்ரல் பதினைந்து முதல் மே இருபத்தொன்பது வரை பூஜ்யம்.’ பூஜ்யமா?

– ஆமா. போட் கடலுக்குப் போகாத நாள்ல ஐஸ் எதுக்கு?

– இன்னைக்கு என்ன தேதி மக்கா?

– இருபத்திரண்டு.

– நான் காலைல ஆறு மணிக்கு மோட்டார் போட்டேன். நிறுத்தச்சில சாயங்காலம் நாலு மணி. ராத்திரி எட்டுக்கு ஐஸ் பாக்க மறுபடி போணும். உனக்க கம்ப்யூட்டர்ல இந்த பெனின் சும்மா படுத்துக் கெடக்கானா?

– இப்பம் தடைக்காலம்லா?

– அது சின்னமுட்டத்துக்கு. கெழக்குக் கடல். நம்ம மேற்குக் கடலுக்கு ஜூன் பதினஞ்சுலதான் தடை. கடக்கரையில பொறந்துட்டு இது தெரியல்லன்னு வெளிய சொல்லிராத, கேட்டியா.

– சரியாச் சொல்லணும்னா, தெரியும். சின்னமுட்டத்து அட்டவணை கம்ப்யூட்டர்ல ரெடியா கெடந்து. பகல்ல ஆபீசு, சாயங்காலம் கிளாஸ், ரெண்டுக்கும் எடையில அத எடுத்து ஒட்டிட்டேன். ஒரே மாவட்டம்தானேன்னு நெனச்சேன்.

– செரி, விடு. எப்பம் நிறுத்தினா என்ன? வருசத்துல நாப்பத்தஞ்சு நாள் நிறுத்துதது நெசம்தான.

– வருசக் கணக்குன்னா நீ சொல்லுதது சரி. அப்பிடி மொத்தமாப் பாத்தா ஏமாந்துருவோம்னுதான் காலத்தத் துண்டு போடுதோம். ஜூன்ல மழ கொட்டும், மண்ணு நெறஞ்சிரும், மோட்டார் ஓடினாலும் ஒண்ணும் இல்ல. ஏப்ரல், மே மாசத்துல மழ கொறவு. அப்பம் பத்து மணிக்கூரு உறிஞ்சினா நல்ல தண்ணி கீழ போவும், கடல் தண்ணி அந்த எடத்துக்கு வரும்.

– எந்த எடத்துக்கு?

– கோயில் கெணத்துக்கு. ஊரே குடிக்க வெள்ளம் கோருத கெணறு. உங்க மொதலாளிக்க புது ஐஸ் கம்பெனிக்கு போர் அதுலேருந்து இருநூறு மீட்டர்ல வருது. அதுவும் இதே கணக்குல ஓடும்னு வச்சுத்தான் பாத்தோம். ‘கிணற்றுக்குப் பாதிப்பு இல்லை’ன்னு அறிக்கையும் எழுதியாச்சு. நாளைக்குப் பதினோரு மணிக்குப் பஞ்சாயத்துல குடுக்கோம்.

– உனக்க ஆபீசுல ஐயப்பன் சாரு பாக்கல்லியா?

– பாத்தாரு. மோட்டார் கணக்கு யாரு தந்தான்னு கேட்டாரு. விசாரிச்சுத்தான் போட்டேன்னு சொல்லிட்டேன். பொய்யி. பஸ்ல வரும்போ முழுக்க அதுதான் மனசுல ஓடிச்சு. அறிக்கையில ஆதாரம்னு ஒரு கட்டம் இருக்கு, அது இன்னும் காலியாத்தான் கெடக்கு.

– காலியாவே கெடக்கட்டும். ஒண்ணு கேக்கேன். நீ இத மாத்தினா புது போருக்கு அனுமதி கிடைக்குமா?

– கிடைக்காது.

– அப்பம் புது கம்பெனியில எனக்க சூப்பர்வைசர் வேல? ரத்தினம் மொதலாளி வாக்குத் தந்ததுக்குத்தான் சவூதி விசாவ வேண்டாம்னேன். கல்யாணம் பேசப் போனப்பம் ஷிஜிக்க அப்பாட்ட கரையில நிரந்தர வேல இருக்குன்னு நெஞ்ச நிமித்திச் சொன்னேன். ஓர்ம இருக்கா? நீயும் கூடத்தான் நின்ன.

– இருக்கு. பழைய கம்பெனிய யாரும் பூட்டச் சொல்லல்லியே அண்ணா. அங்க உனக்கு வேல போவாதுல்லா.

– எனக்கு நேரமாச்சு. போறேன்.

– ஏன் ஒரு மாதிரியா போற? பழைய கம்பெனிக்கு என்ன?

– ஒண்ணும் இல்ல. எனக்க செருப்பு எங்க?

– ஏப்ரல் மாசத்துக்கு மணிக்கணக்காவது சொல்லிட்டுப் போ. பதினஞ்சு நாளுக்கு ஒரு எண் போதும். ராத்திரி கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்துட்டு, கெணத்துக்குக் கேடு இல்லன்னா நான் மாத்தவே மாட்டேன். இது சத்தியம்.

– முதல் பாதிக்கு, நாளுக்குப் பத்து மணிக்கூரு.

– பத்து. ரெண்டாம் பாதி?

– ஒம்பது நாளுக்குப் பத்து. கடைசி ஆறு நாளுக்கு ஒண்ணும் எழுதாத.

– மோட்டார் ரிப்பேரா?

– மோட்டாருக்கு என்ன கேடு. ஐஸ் எறுகல்ல. ராத்திரி முழுக்க வச்சும் டப்பாவுக்குள்ள கொழகொழன்னு கெடந்து. மிஷின்ல கோளாறுன்னு மொதலாளி ஆள கூப்பிட்டாரு. நான் ஒரு கை அள்ளி வாயில வச்சேன்.

– வச்சு?

– ஆறு நாளும் தக்கலையிலேருந்து லாரியில நல்ல வெள்ளம் வந்து. இப்பம் பாதிக்குப் பாதி கலக்குதோம். வெளிய மூச்சு விடப்பிடாதுன்னு மொதலாளி எங்கிட்ட கையடிச்சு சத்தியம் வாங்கினாரு.

– அண்ணா, சரியாச் சொல்லு. நான் இத எழுதணும்.

– பழைய போர் உப்பாயிட்டு மக்கா, அதுக்குத்தான் இந்தப் புது போரு. எழுது: நாளைக்கு காலைல ஆறு மணிக்கு போர் வெள்ளம் பிடிக்க ரெண்டு குப்பி கழுவி எடுத்துட்டு மோட்டார் அறைக்கு வரணும், தொறந்து தரது பெனின்.