சுவர் இல்லாத வீடு

மார்ச் பதினோராம் தேதி, புதன்கிழமை, பிற்பகலில் என் அக்கா தன் வீட்டுக் கூடத்து நாற்காலியில் அமர்ந்தபடியே இறந்துபோனாள். அன்று காலை என் அலுவலகத் திரையில் சோதனைகள் அனைத்தும் பச்சையாக, அதாவது தேறியதாக, இருந்தன. இரண்டாவது செய்தியிலிருந்து தொடங்குமாறு விசாரணை அதிகாரியாகிய நீங்கள் சொன்னீர்கள். வரிசைப்படி அதுவே சரி.

கலைந்து கிடக்கும் மேசை எனக்குப் பிடிக்காது. சோதனைப் பிரிவின் தலைமைக்கு நான் வந்தபோது அங்கே கைபேசிகள் இறைந்து கிடந்தன. எங்கள் நிறுவனம் செய்வது கையில் ஒட்டிக்கொள்ளும் சிறு வில்லை. உடலில் சர்க்கரை அபாயமாகக் குறைந்தால் அது புளூடூத் வழியே வீட்டாரின் கைபேசிக்குச் சொல்லும், கைபேசி அலறும். ஒரே சோதனை ஒரு கைபேசியில் தேறும், மற்றொன்றில் தோற்கும். ஆளுக்கொன்றாகச் சொல்வதை நான் பதிலாக ஏற்பதில்லை.

ஆகவே எமுலேட்டரைக் கொண்டுவந்தேன். அது கணினிக்குள் மட்டும் இயங்கும் கைபேசி. கீழே விழாது, சார்ஜ் இறங்காது. அதற்கு நிஜமான புளூடூத் கிடையாது என்பதால், வில்லைக்கும் கைபேசிக்கும் இடையே இணைப்பைப் பேசி முடிக்கும் எங்கள் மென்பொருளை அதனுடன் கோப்பதற்கு ஒரு பாலம் எழுதினேன். பாலம் வேலை செய்தது. ஆனால் இணைப்பு அவ்வப்போது அறுந்தது. அறுந்தது மீண்டும் ஒட்டவில்லை. புதுப் பாலத்தின் கோளாறு என்றே எல்லோரும் நினைத்தோம். அறுந்த மறுகணமே ஓசைப்படாமல் ஒட்டிவிடும் சில வரிகளை நான் பாலத்தில் சேர்த்தேன். திரை முழுவதும் பச்சையானது. பார்க்க நன்றாக இருந்தது.

ரேடியோ அலைப் பிரிவுப் பொறியாளரை, அவருடைய உயரத்தின் காரணமாக, ஆண்டெனா என்றே எல்லோரும் அழைப்பார்கள். அவர் ஒரு நிஜக் கைபேசியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

“கொஞ்சம் பாருங்க மேடம். வில்லையோட அந்தச் சுவருக்குப் பின்னால போறேன், திரும்பி வரேன். அவ்வளவுதான்.”

போனார், வந்தார். விட்டுப்போன இணைப்பு திரும்பவில்லை. கைபேசியோ இணைந்திருப்பதாகவே காட்டியது.

“பாலத்துல தப்பே இல்ல மேடம். நம்ம சாஃப்ட்வேர்லதான். நீங்க அதுக்கு ஒட்டுப் போட்டு மறைச்சிட்டீங்க.”

“எமுலேட்டர்ல பாஸாயிருக்கு.”

“உங்க எமுலேட்டர் வீட்டுல சுவரே கிடையாதே. எங்க அம்மா வீட்டுல நாலு பக்கமும் இருக்கு.”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேலை நேரத்தில் சிரிப்பதை நான் அனுமதிப்பதில்லை. அவர் சொன்னது சரி என்பது அப்போதே எனக்குத் தெரியும். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அன்று மாலையே நிஜக் கைபேசிகள் அனைத்தையும் அலமாரியில் அடுக்கிப் பூட்டினேன். வில்லை விற்பனைக்குச் சென்றது. சர்க்கரை நோயாளியான அக்காவின் கையில் ஒன்றை நானே ஒட்டினேன். ஒட்டாமல் விட்டிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

அந்தப் புதன்கிழமை அக்கா துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போய்த் திரும்பியிருக்கிறாள். அவளுடைய மருமகள் கைபேசியை அருகிலேயே வைத்துக்கொண்டு அடுத்த அறையில் தைத்துக்கொண்டிருந்தாள்.

“சத்தியமா அது கத்தவே இல்ல சின்னத்தை. நான் பக்கத்துலயேதான் இருந்தேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். விலக்கிக்கொண்டேன். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை. யாராவது அதைக் கவனிக்க வேண்டியிருந்தது. நான் அழவில்லை என்று உறவினர்கள் பேசிக்கொண்டதாகப் பின்னர் அறிந்தேன்.

மறுவாரம் அக்கா மகன் என் அலுவலகத்துக்கே வந்தான்.

“நீங்க சொன்னா நம்புவேன் சித்தி. அது அடிச்சுதா, இல்லையா?”

எமுலேட்டரை இயக்கிக் காட்டினேன். திரையில் இருந்த கைபேசி பொறுப்பாக அலறியது. மறுபடியும் காட்டச் சொன்னான், மறுபடியும் அலறியது.

“அப்ப தையல் மெஷின் சத்தத்துல அவ காதுல விழல” என்று அவனாகவே சொன்னான். “எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அதைக் கட்டிக்கிட்டு அழாதேன்னு.”

நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அன்றே அவளைத் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

பிறகு ஆண்டெனா புகார் கொடுத்தார்; நீங்கள் வந்தீர்கள். முடிவானவை இவை. விற்ற வில்லைகள் அனைத்தும் திரும்பப் பெறப்படும். நான் பணியிலிருந்து நீக்கப்படுகிறேன், வழக்கையும் சந்திப்பேன். அக்கா மகனிடம் உண்மையைச் சொல்லியாயிற்று. மனைவியை அழைத்துவரப் போனவனிடம், “எந்த மெஷினை நம்புனீங்களோ, அதுகூடவே குடித்தனம் பண்ணுங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாளாம்.

நேற்று, உங்கள் முன்னிலையில், நான் சேர்த்த வரிகளை நானே நீக்கினேன். சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. திரை மேலிருந்து கீழ்வரை சிவந்தது. அப்போது நான் அழுததை, அக்காவை நினைத்து அழுததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.