வரி கலையாத கூடம்

மேசைமேல் இவ்வளவு சாமானை வைத்துக்கொண்டு எப்படி ஐயா வேலை பார்க்கிறீர்கள்? குறையாகச் சொல்லவில்லை. மூடி தொலைந்த பேனாக்கள், ஓடாத கடிகாரம், ஒன்றுக்குள் ஒன்றாக யாரோ சொருகிவிட்டுப் போன எச்சில் டம்ளர்கள். எனக்குப் பழகிய காட்சிதான். பணிக்காலம் முழுவதும் அரசாங்கச் சாமான் கிடங்குக்குப் பொறுப்பாளராக இருந்தவன் நான். கேட்பதற்குப் பெரிய உத்தியோகம். போய்ப் பார்த்தால் உடைந்த நாற்காலிகளுக்குக் காவல். ஒரு மூலையில் கால் இல்லாத மேசை, எதிர் மூலையில் மேசை இல்லாத கால். இரண்டையும் சேர்த்துவைக்க மேலிடத்து உத்தரவு வருவதற்குள் எனக்கு நரைத்துவிட்டது. அங்கிருந்த எலிகள் எனக்கு முன்பே பணியில் சேர்ந்தவை என்பதால் நான்தான் அவற்றுக்கு வழிவிட்டு நடப்பேன்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தேன். அங்கேயும் கிடங்கு.

என் மனைவி எதையும் தூக்கிப்போட மாட்டாள். டப்பாவுக்குள் டப்பா, அதற்குள் இன்னொரு டப்பா; கடைசி டப்பாவைத் திறந்தால் முதல் டப்பாவின் மூடி இருக்கும். கூடத்து நாற்காலிகளை எண்ணினால் ஒரு பேருந்துக்குப் போதும், பயணிகள்தான் இல்லை. சோபா ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தவரைத் திரும்ப வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். மனுஷன் வாழ்நாளெல்லாம் அடைசலுக்குள் இருந்துவிட்டுக் கடைசியிலாவது கொஞ்சம் வெறும் தரையைப் பார்க்க ஆசைப்படுவது தப்பா? இதைத்தான் என் மகளிடமும் கேட்டேன். 

நான் மாறியது கண் ஆஸ்பத்திரியில். மனைவிக்குக் கண் நரம்பு தளர்ந்துகொண்டே வந்தது. ஆளைத் தெரியும், நிறம் தெரியும், மேடு பள்ளம் தெரியாது. உள்ளே அவளைப் பரிசோதித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் வெளியே ஒரு வீட்டலங்காரப் பத்திரிகையைப் புரட்டினேன். நடுப்பக்கத்தில் ஒரு கூடம். வெள்ளைச் சுவர். எண்ணெய் மட்டும் பூசிய மரத்தரை. ஒரே ஒரு பெஞ்சு. ஜன்னலிலிருந்து சாய்வாக வெளிச்சம். வேறு எதுவுமே இல்லை. மினிமலிஸம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மகள் பிறந்தபோதுகூட எனக்கு அப்படி ஆகவில்லை.

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்: "வீட்ல படி இருந்தா ஓரத்துல பளிச்சுன்னு வேற கலர் அடிச்சிடுங்க சார். எல்லாம் ஒரே கலரா இருந்தா அவங்களுக்குத் தட்டையாத்தான் தெரியும்."

பத்திரிகை என் மடியில் விரிந்திருந்தது. டாக்டர் பேசியது காதில் விழவில்லை என்று முதல் நாள் வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். விழுந்தது.

அடுத்த மாதமே வேலையை ஆரம்பித்தேன். சாமான்கள் வெளியேறிய அழகைப் பார்த்திருக்க வேண்டும் ஐயா. வண்டி வண்டியாகப் போயின. பழைய சாமான் வாங்குகிறவர் எங்கள் தெருவிலேயே குடிவந்துவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போயின. சோபாவைத் தூக்கியபோது அதற்கு அடியிலிருந்து என் மூக்குக்கண்ணாடிகள் மட்டுமே ஒரு கடை வைக்கிற அளவுக்கு வந்தன.

எங்கள் கூடம் சாப்பிடும் இடத்திலிருந்து இரண்டு படி தாழ்வானது. மேலே சிவப்புச் சிமெண்டு, கீழே மொசைக். படி இருப்பது தவழும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த வெட்டுதான் எனக்குக் கண்ணை உறுத்தியது. தச்சரைக் கூப்பிட்டு ஒரே மரத்தில் அறுத்த பலகைகளை, அறுத்த வரிசையிலேயே பதிக்கச் சொன்னேன். மேல் தரையில் தொடங்கும் மர வரி படிகளின்மேல் வழிந்து, கீழ்த்தரையில் ஓடி, ஜன்னல் சுவரில் போய் முட்ட வேண்டும். நடுவில் எங்கும் அறுபடக் கூடாது. அவர் கெட்டிக்காரர். வெகுநாள் மெனக்கெட்டு முடித்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"வரி ஒண்ணு விடாம சேந்துடுச்சு சார். ஆனா படி எங்க இருக்குன்னு பதிச்ச எனக்கே தெரியல. காலைலேருந்து ரெண்டு தடவ தடுக்கிட்டேன்."

"அப்ப வேலை சுத்தமா வந்திருக்குன்னு அர்த்தம்."

"ஓரத்துல ஒரு பித்தளைப் பட்டை அடிச்சிடட்டுமா? அம்மாவுக்கு வேற கண்ணு..."

வேண்டாம் என்றேன்.

அன்று மாலை மனைவியைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து காட்டினேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

"என்னங்க இது, பல்லு புடுங்கின வாய் மாதிரி இருக்கு?"

"இதுக்குப் பேரு எளிமை."

"வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

"பெஞ்சு இருக்கே."

"அது பஸ் ஸ்டாப்புங்க. அதுல உக்காந்தா எந்திரிச்சிப் போகத்தான் தோணும்." பிறகு சிரித்தாள். "இன்னும் ஒரே ஒரு சாமான்தான் பாக்கி. என்னையும் தூக்கி வெளில வெச்சிட்டீங்கன்னா புக்குல இருக்கற மாதிரியே ஆயிடும்."

நானும் சிரித்தேன். எங்களுக்குள் எப்போதும் இப்படி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். நல்ல ஜோடி என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

கொஞ்ச நாள் அவள் படியருகே வரும்போதெல்லாம் நான் "படி" என்று குரல் கொடுப்பேன். பெஞ்சில் இருந்தபடியே கொடுப்பேன். அவளும் காலால் தடவித் தடவி இறங்குவாள். ஒருநாள் அலுத்துக்கொண்டாள். "நீங்க என்ன கண்டக்டரா? எத்தன நாளைக்கு இப்படிக் கத்திக்கிட்டு உக்காந்திருப்பீங்க? நீங்க தூங்கும்போது நான் பறந்து போகணுமா?" அன்றே கடைத்தெருவுக்குப் போய், மின்சார வயருக்குச் சுற்றுகிற மஞ்சள் டேப் வாங்கிவந்து, இரண்டு படிகளின் ஓரத்திலும் நீளமாக ஒட்டிவிட்டாள். கோணல்மாணலாக.

அதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்டதை எப்படிச் சொல்வது? உங்கள் மகளின் முகத்தில் யாரோ பேனாவால் கிறுக்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. நான் உரித்தேன். அவள் ஒட்டினாள். நான் உரித்தேன். அவள் இரட்டையாக ஒட்டினாள். "நீங்க உரிக்க உரிக்க நான் ஒட்டுவேன், டேப்புக் கம்பெனிக்காரன் கோட்டை கட்டட்டும்" என்றாள். எங்கள் ஊர்க் கடைகளில் மஞ்சள் டேப் தட்டுப்பாடு வந்தது எங்களால்தான் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கடைசியில் மகள் வந்து பஞ்சாயத்து செய்தாள். அந்தப் பத்திரிகைக்கு நான் எழுதிப் போட்டிருந்தேன். எங்கள் கூடத்தைப் படம் எடுக்க வருவதாகப் பதிலும் வந்திருந்தது. படம் எடுத்து முடிக்கும்வரை டேப்போடு பொறுத்துக்கொள்வது, முடிந்த மறுநாளே படிக்கு எவர்சில்வர் கைப்பிடி, மேலே ரப்பர் விரிப்பு, முதுகு சாய்க்க ஒரு சோபா. இதுதான் ஏற்பாடு. சோபாவின் நிறத்தையும் மகளே தேர்ந்தெடுத்தாள். சிவப்பு.

"அப்பா, இது மியூசியம் இல்ல. அம்மா இங்க நடக்கணும்."

"அவ நடக்கறத நான் என்னிக்காவது வேணாம்னு சொன்னேனா?" என்றேன்.

புகைப்படக்காரர் வந்தார். சின்ன வயசு, நல்ல மரியாதை. கூடத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அப்படி ஒரு பாராட்டை நான் அதற்கு முன்பு யாரிடமிருந்தும் பெற்றதில்லை. டேப்பை உரிக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சார். அம்மாவுக்குத்தான் வேணுமே. நான் கம்ப்யூட்டர்ல அழிச்சிக்கிறேன்" என்றார். டேப்போடுதான் படம் எடுத்தார். படத்துக்காக உரித்தேன், திரும்ப ஒட்ட மறந்துவிட்டேன் என்று நான் உங்களிடம் எழுதிக்கொடுத்திருந்தது தவறு. நேற்று அந்தப் பையன் துக்கம் விசாரிக்க வந்து, அழிக்காத படத்தை என் மகளிடம் காட்டியிருக்கிறான். அவள் அதை உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். நல்ல படம். டேப் மட்டும் இல்லாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அன்று புகைப்படக்காரர் கிளம்பியதும் என் மனைவி கையைத் தட்டினாள். "முடிஞ்சுதா உங்க கூத்து? நாளைலேருந்து இது என் வீடு." சந்தோஷமாகத்தான் சொன்னாள். சமையலறைக்குப் போய் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். எவர்சில்வர் கைப்பிடியை வைத்த பிறகு கூடம் எப்படி இருக்கும் என்று நான் பெஞ்சில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் குளியலறை மாதிரி இருக்கும். பிறகு எழுந்து, அவள் பாட்டு முடிவதற்குள், டேப்பை உரித்தேன். நகத்தால் மெதுவாகக் கிளப்பினால் மரத்தில் பசை ஒட்டாது. ஒட்டியிருந்த கொஞ்சத்தையும் எண்ணெய்த் துணியால் துடைத்தேன். அன்றைக்கு அவளுக்குக் கூடத்தில் வேலை இல்லை. சீக்கிரமே படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வெளிச்சம் பத்திரிகையில் பார்த்தது போலவே சாய்வாக விழுந்தது. அவள் எனக்குக் காப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். சாப்பிடும் இடத்தைத் தாண்டும்போது வழக்கம்போலக் குனிந்து மஞ்சளைத் தேடினாள். மஞ்சள் தெரியவில்லை. மஞ்சள் இல்லை என்றால் படி இன்னும் வரவில்லை என்றுதான் அவள் நினைத்திருப்பாள். அந்த டேப்பை அவள் அவ்வளவு நம்பினாள். காலால் தடவவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "கைப்பிடிக்காரங்க எத்தன மணிக்கு வர்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு சொல்தான் ஐயா. நூறு தடவை சொன்ன சொல். எனக்குத் தொண்டைக்கட்டு இல்லை. வாயிலும் எதுவும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காற்றில் கால் வைத்த நொடிவரைக்கும் அந்தக் கூடத்தில் ஒரு குறைகூட இல்லை. பேசியிருந்தால் அது கலைந்துபோயிருக்கும்.

பெஞ்சின் முனை அவள் நெற்றிப்பொட்டில் பட்டது. அது நான் சொல்லிச் செய்த முனை. மழுக்காமல் விடச் சொல்லியிருந்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன் சிந்திய காப்பியைத் துடைத்தேன். அதைத்தான் என் மகளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. காப்பி எவ்வளவு சீக்கிரம் மரத்தில் ஊறும் என்பது அவளுக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை கண்ணைத் திறந்து, "டேப்பு?" என்றாள். "இருக்கு, இருக்கு" என்றேன். மனசைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று பார்த்தேன்.

ஆமாம், தெரிந்துதான் உரித்தேன். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை நீங்கள் எப்படி எழுதிக்கொண்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எனக்கு அவள்மேல் பாசமே இல்லை என்று மகள் சொல்லியிருக்கிறாளே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். காரியம் முடிந்த மறுநாள் தச்சர் வந்தார். அந்தப் பலகையை இழைத்து, கறையை எடுத்துத் தருகிறேன் என்றார். நான் தொடவிடவில்லை. வார்னிஷ் அடிக்காத மரம். விழுந்த ரத்தத்தை ஆழமாக உள்ளே வாங்கிக்கொண்டுவிட்டது. அவள் ஞாபகமாக அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இப்போது கறுத்து, வட்டமாகி, பார்ப்பதற்கு மரத்திலேயே கணு விழுந்த மாதிரி இருக்கிறது. முதலிலிருந்தே அந்த இடத்தில் ஒரு கணு தேவைப்பட்டது.