சாவி மாட்டும் ஆணி

இல்ல தம்பி, மானிட்டர் ஒயரை அந்த ஓட்டையில சொருகாதீங்க, அதுல படம் வராது. வர்றவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் செய்யறாங்க. மதர்போர்டுல இருக்கிற ஓட்டை சும்மா அலங்காரத்துக்கு. என் புருஷன் டேரில் வாங்கின சிப்புல படம் காட்டுற பாகமே கிடையாது. அது இல்லாதது விலை கம்மின்னு வாங்கிட்டான். இந்தப் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணுதான் படம் காட்டும். அது மக்கர் பண்ணா எல்லாம் இருட்டு.

தப்பா நினைக்காதீங்க, உங்க வேலையில நான் தலையிடல. உங்களைக் கூப்பிட்டதே கிளெனிஸ்தான், இவனோட அக்கா. அவ கூப்பிட்டா, நீங்க வந்திருக்கீங்க, பாருங்க. ஆனா கார்டுக்கு அடியில ஒரு ஸ்பார்க் பிளக் முட்டுக் குடுத்து நிக்குதில்ல, அதை மட்டும் எடுத்துடாதீங்க. கார்டு கனம், தொங்கிடும். அதுக்குன்னு கடையில அழகா ஒரு கம்பி விக்கிறாங்களாம். இவன் ரயில்வே ஒர்க்‌ஷாப் மெக்கானிக், வாங்குவானா? பின்னாடி சாமான் ஏத்துற எங்க யூட் வண்டியிலருந்து கழட்டுன பழைய பிளக்கைக் கொண்டாந்து வச்சான். பாத்தியா ரெய்லீன், எஞ்சினே இல்லாத வண்டிக்குப் பிளக் மாட்டிட்டேன்னு ஒரே சிரிப்பு.

ஆமா, இந்தக் கம்ப்யூட்டர் மொத்தமும் இவனே கட்டுனதுதான். ஒவ்வொரு பாகமா தபால்ல வரும். சாப்பாட்டு மேஜை பூரா பரப்பி வச்சிருப்பான், நான் நின்னுக்கிட்டே டோஸ்ட் திம்பேன். எதுக்கு? கார் ரேஸ் விளையாட. அம்பது வயசு ஆம்பளை. கடைசி ஸ்க்ரூ முடுக்கும்போது கை நழுவிக்கிட்டே இருந்துச்சு. குளிருன்னு நினைச்சோம். அப்புறம் கை, அப்புறம் காலு, அப்புறம் பேச்சு. நரம்பு நோய், தம்பி. மூளையைத் தொடாது. அதுதான் அதோட குசும்பு. இப்ப கண்ணு மட்டும்தான் இவன் சொன்னபடி கேக்குது.

ஹலோ சொல்லுங்களேன் அவன்கிட்ட. சும்மா சொல்லுங்க, காது நல்லாவே கேக்கும். பாத்தீங்களா, சிமிட்டுறான். சிமிட்டினா ஆமான்னு அர்த்தம். உங்களைப் பிடிச்சுப்போச்சு. எனக்கு இப்பல்லாம் அது கிடைக்கிறதில்ல.

அந்தக் கறுப்புப் பட்டையா? அதுதான் கண்ணைப் பாக்குற கேமரா. திரையில எழுத்து வரிசையா நிக்கும், எதைப் பாக்குறானோ அது விழும். முடிச்சிட்டு மூலையில இருக்கிற வாய்ப் படத்தைப் பாத்தான்னா மிஷின் சத்தமா படிக்கும். குரல் இவனோடது இல்ல. பேச்சு இருக்கும்போதே பதிவு பண்ணி வச்சுக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. என் குரல் என்ன பெரிய குரலுன்னு தட்டிக் கழிச்சிட்டான். இப்ப யாரோ சிட்னிக்காரன் குரல்ல பேசறான். சொந்தப் புருஷன் என் வீட்டுல நியூஸ் வாசிக்கிறவன் மாதிரி டீயில சக்கரை ஜாஸ்திங்கிறான்.

போன வாரந்தான் கெட்டுச்சு. கார்டை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் அப்டேட் ஆச்சு. விண்டோஸ் வரைக்கும் வரும், அப்புறம் கறுப்பு. சேஃப் மோடுன்னு அரைகுறையா ஓட வச்சா படம் வருது, ஆனா அதுல கேமரா எழுந்திருக்காது. வேடிக்கை என்னன்னா, இந்த வீட்டுல இதைச் சரி பண்ணத் தெரிஞ்ச ஒரே ஆளு இவன். எப்படிப் பண்றதுன்னு இவன் சொல்றதுக்கு இந்த மிஷின் ஓடணும். சிரிங்க, பரவாயில்ல. நாங்க எப்பவோ சிரிச்சு முடிச்சிட்டோம்.

லாமிங்டன் கேக் எடுத்துக்கோங்க. கிளெனிஸ் பண்ணுனது, நல்லாத்தான் இருக்கும். டீயும் ஆறுது.

எங்க பாக்குறான்னு கேக்கறீங்களா? அங்கதான். ஒரு வாரமா அந்த ஒரே இடம். கதவுக்குப் பக்கத்துல சாவி மாட்டுற ஆணி. யூட் சாவி வேணுமாடான்னு கேட்டேன். சிமிட்டல. வெளிய போலாமான்னேன். சிமிட்டல. சாவியை எடுத்து மடியில வச்சேன். கண்ணுல தண்ணியா ஊத்துது. பாவம், வண்டி ஓட்டுனதை நினைச்சு அழுறான்னு கிளெனிஸ்கிட்ட சொன்னேன்.

என்ன, அப்படியே நின்னுட்டீங்க?

யாரோ துடைச்சிருக்காங்களா? பழைய டிரைவரைச் சுத்தமா துடைச்சிட்டுப் புதுசைப் போட்டிருக்காங்களா? அது தானா வந்த அப்டேட்டா இருக்கலாமில்ல. ஓ. தானா வந்தா இப்படி இருக்காதா.

சரி. நான்தான். சேஃப் மோடுல போய்த்தான் துடைக்கணும். அதுக்கு முன்னாடி இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிடணும், இல்லேன்னா எதையாவது அதுவே இறக்கிப் போட்டுக்கும். எல்லாம் இவன் சொல்லிக்குடுத்ததுதான், கண்ணால, ஒவ்வொரு எழுத்தா. ஒரு பாடம் முடிய ஒரு சாயங்காலம் ஓடிடும். நான் ஒரு நாள் பேச முடியாமப் போனா நீ பேச வைக்கணும் ரெய்லீன்னான். முன்னெல்லாம் ரெண்டு மூணு வாட்டி பேச வச்சிருக்கேன்.

நாளைக்கு டாக்டருங்க வராங்க. அடிலெய்ட்லருந்து, ரெண்டு பேரு, இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கிட்டு. வைத்தியம் பாக்க இல்ல. அதெல்லாம் முடிஞ்சு போச்சு. இவன் கேட்டிருக்கான். போதும், என்னை அனுப்பிடுங்கன்னு கேட்டிருக்கான். சட்டம் இருக்கு இப்ப, நம்ம ஊருலயே. மருந்து குடுப்பாங்க, வலியில்லாம போய்ச் சேர.

என்கிட்ட கேக்கல, தம்பி. அதைச் சொல்லுங்க. அன்னிக்கு நான் கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கேன், கொசுவலைக் கதவு வழியா அந்தச் சிட்னிக்காரன் குரல் வருது. கிளெனிஸ், நான் கிளம்புறேன், டாக்டரைக் கூப்பிடு. டீயில சக்கரை ஜாஸ்திங்கிற அதே குரல், ஒரு இழை கூட ஏறி இறங்கல. கையில இவனோட சட்டை. பிழிஞ்ச சட்டையை மறுபடியும் பிழிஞ்சிக்கிட்டு நின்னேன். உள்ள வந்தா அக்காளும் தம்பியும் என்னைப் பாக்குறாங்க. மழை வரும்போல இருக்குன்னு சொன்னா கிளெனிஸ். இந்த வறண்ட ஊருல மழை.

அவன் இஷ்டம்ங்கிறா அவ. சரிதான். யாரு இல்லேன்னா? படுத்துக் கிடக்கிறது அவன்தான். எனக்கும் தெரியும்.

சும்மா சிமிட்டினா போதாதாம். அவனே, அவன் வார்த்தையில, எங்க முன்னாடி சொல்லணும்னு அந்த டாக்டரம்மா ஃபோன்ல சொன்னாங்க. மிஷின் ரிப்பேருன்னா இன்னொரு நாள் வச்சுக்கலாம், அவசரமில்லன்னாங்க. அவசரமில்லையாம். ரொம்ப நாளா என்கிட்ட யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல.

பழைய டிரைவரை நெட்டுலருந்து இறக்கிப் போட்டுடலாமா? போடலாம். ஆனா இந்த கேமராவுக்கு எல்லாப் பழசும் ஒத்து வராது. இவன் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து, ஒத்துப்போன ஒரே ஒண்ணை ஒரு பென் டிரைவ்ல தனியா வச்சிருந்தான். அது இருந்தா நிமிஷத்துல முடிஞ்சிடும். எங்கயா?

அந்த ஆணியிலதான் தொங்கும், யூட் சாவிக்குப் பக்கத்துல.

இப்ப இல்ல. இப்ப என் ஏப்ரன் பாக்கெட்ல கிடக்கு. தர்றேன். தரமாட்டேன்னு சொன்னேனா? டேரில், அப்படிப் பாக்காதே, தர்றேன்னு சொல்லிட்டேன் இல்ல. அந்தத் தம்பி டீயைக் குடிச்சு முடிக்கட்டும்.

அய்யோ, ஆறியே போச்சு பாருங்க. குடுங்க இப்படி, வேற போட்டுட்டு வரேன்.