திம்பாவுக்கு இரண்டு அறிவிப்புகள்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் தேநீரில் இஞ்சி தட்டிப் போடுகிறார்கள், அஃபண்டே. நல்ல பழக்கம். குரலை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இஞ்சியைப் போல ஒரு துணை கிடையாது. எங்கள் வானொலி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறேன், வெறும் பால் தேநீர்தான் வருகிறது.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். பெயர் கெவினா நபுக்கேன்யா என்று எழுதிக்கொள்ளுங்கள். கம்பாலாவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் நான் நாலொங்கோ. இரட்டையரைப் பெற்றதற்குக் கிடைத்த பட்டம். பாடகர் திம்பாவைப் போல விருதும் பட்டமும் வாங்கிக் குவித்தவள் இல்லை நான்.

என் வேலை மரண அறிவிப்பு வாசிப்பது. காலை ஏழு, மதியம் ஒன்று, மாலை ஏழு. அந்த நேரத்தில் மசாக்காவிலிருந்து ஜிஞ்சாவரை ஜனங்கள் வாய்க்குக் கொண்டுபோன கையைப் பாதியில் நிறுத்துவார்கள். ஒருவர் இறந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரி சொன்னால் இன்னொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நான் சொன்னால் பந்தல் போட ஆரம்பித்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு முறைகூட நான் வாசித்த அறிவிப்புக்குத் திருத்தம் வாசிக்க நேர்ந்ததில்லை. பத்திரிகைக்காரர்கள் தினமும் திருத்தம் போடுகிறார்கள், யாரும் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை. எனக்கு அப்படிப் பழக்கமில்லை. என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் திம்பாவின் மேனேஜர் பஸ்காலி வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். கண்ணாடிக்குக் கீழே கன்னம் காய்ந்திருந்தது. அழுகிற சத்தம் மட்டும் நன்றாக வந்தது. பேட்டைத் தலைவரின் முத்திரையோடு ஒரு கடிதமும் அறிவிப்புத் தாளும் கொடுத்தான். முத்திரை கள்ள முத்திரை என்று இப்போது நீங்கள் சொல்லித் தெரிகிறது. அன்றைக்குப் பார்க்க நிஜ முத்திரையைவிடத் தெளிவாக இருந்தது. அதிலேயே சந்தேகப்பட்டிருக்கலாம்.

சாதாரணமாக ஒரு மனிதன் ஆறு வரியில் முடிந்துவிடுவான். பெயர், தகப்பன் பெயர், யார் யாரை விட்டுப் போனான், எங்கே அடக்கம், எத்தனை மணிக்கு. திம்பாவுக்கு இரண்டு பக்கம். நிறுத்தி நிதானமாக முழுவதும் வாசித்தேன். ஜாவிரா ககுவா என்கிற திம்பா, கவிஞர், ஹிப்ஹாப் கலைஞர். லுகாண்டா மொழி ராப் பிரிவில் மூன்று முறை ஆண்டின் சிறந்த கலைஞர். அதில் இரண்டு வருஷம் அந்தப் பிரிவில் அவர் ஒருவர்தான் போட்டியிட்டார் என்பது தாளில் இல்லை. நார்வே தேசத்தில் ஒரு கவிதை விழாவில் நாற்பது நிமிடம் லுகாண்டாவில் வாசித்தார், ஒரு சொல் புரியாத ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இங்கே சொல்லெல்லாம் புரிந்த நாங்கள் உட்கார்ந்துதான் கேட்டோம். ஒரு கவிதை பள்ளிப் பாடத்தில் சேர்ந்தது. இரண்டு கவிதைத் தொகுப்பு, நான்கு இசைத்தட்டு, மந்திரி கையால் ஒரு கேடயம். சிறையில் இருக்கிறவர்களுக்குக் கவிதை எழுதச் சொல்லிக்கொடுத்தார் என்றும் இருந்தது. அது நல்ல காரியம். நல்லதை நல்லது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

முகமூடியைப் பற்றியும் எழுதியிருந்தான் பஸ்காலி. நாம் பிணத்தைச் சுற்றுகிற மரப்பட்டைத் துணியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, அதை மாட்டிக்கொண்டுதான் அவர் மேடையேறுவார். பன்னிரண்டு வருஷமாக அந்த முகத்தை ரசிகர் யாரும் பார்த்ததில்லை. இதில் பெரிய ஆழம் இருப்பதாக விமர்சகர்கள் எழுதினார்கள். இருந்திருக்கும்.

தாளில் இல்லாத சாதனை ஒன்று உண்டு. அவருடைய முதல் வெற்றிப் பாட்டு என் குரலில்தான் தொடங்குகிறது. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும், சற்றுமுன் மேசைமேல் உங்கள் கைபேசி அடித்ததே, அந்தப் பாட்டுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் கணவர் இறந்தபோது அறிவிப்பை நானேதான் வாசித்தேன். வேறு வாசிப்பாளர் அன்றைக்கு இல்லை. ஒழுங்காகத்தான் வாசித்தேன். அவர் பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு இடத்தில் மூச்சு தட்டிவிட்டது. பாதி விக்கல் மாதிரி. அவ்வளவுதான். திம்பா அந்த மூச்சைக் கத்தரித்தெடுத்து, அடியில் முரசைப் போட்டு, திரும்பத் திரும்ப வரும்படி செய்திருந்தார். கல்யாணங்களில் ஆடுகிறார்கள். டாக்ஸி நடத்துநர்கள் ஆள் ஏற்றும்போது அந்த விக்கலை விக்கிக் காட்டுகிறார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கலைக்கு அனுமதி தேவையில்லை என்று ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார்.

நான் சொல்லாவிட்டால் நீங்களே தோண்டி எடுப்பீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

செவ்வாய் மதியம் ஒரு மணிக்கு வாசித்தேன். புதன் மதியம் என் கைபேசிக்கு ஒரு அழைப்பு.

"நாலொங்கோ, சௌக்கியமா? செத்தவன் பேசுறேன்."

"யாரு பேசுறது?"

"திம்பாதான். நேத்து என்னமா வாசிச்சீங்க. எனக்கே அழுகை வந்துருச்சு, போங்க."

பின்னால் பஸ்காலி சிரிக்கிற சத்தம் கேட்டது. காய்ந்த கன்னத்தின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. புது இசைத்தட்டு வருகிறதாம். சனிக்கிழமை மதியம் கம்வோச்சா மைதானத்தில் ரசிகர்கள் துக்கத்துக்குக் கூடுவார்களாம். இவன் பிணத்துணி முகமூடியோடு மேடையேறி உயிர்த்தெழுவானாம்.

"சரியா ஒரு மணிக்கு நீங்க ரேடியோல திருத்தம் வாசிக்கணும். எழுதியே வச்சிருக்கேன், எதுகை மோனையோட."

"நான் இதுவரைக்கும் திருத்தம் வாசிச்சதில்லப்பா."

"அதானே விஷயம். நீங்க சொன்னதாலதான் நான் செத்தேன். நானே டிவியில வந்து குதிச்சாலும் எவனும் நம்பமாட்டான். உசிரு உங்க வாயிலருந்துதான் வரணும்."

"உன் அத்தை கிராமத்துல இருக்காங்களே, அவங்ககிட்ட சொன்னியா?"

"செங்கா அத்தைகிட்டயா? சொன்னா அழமாட்டாங்களே. வீடியோவுக்கு அவங்க அழுகை வேணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "இன்னொண்ணு, நாலொங்கோ. திருத்தம் வாசிக்கிறப்ப என் பேருக்கு முன்னாடி அந்தப் பாட்டுல வர்ற மாதிரி மூச்சை ஒரு தட்டு தட்டிட்டு வாசிங்க. ஜனங்க மைதானத்தைப் பேத்துருவாங்க."

சனிக்கிழமை ஒரு மணிக்கு என் வேலையை நான் செய்வேன் என்றேன். "தாயே, நீங்க தெய்வம்" என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் என்ன புரிந்துகொண்டான் என்பதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் அவன் என்னை நம்பினான் என்பது தெரியும். எல்லோரும் நம்புவார்கள்.

நிலைய அதிகாரியிடம் அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை வேறு வேலை வந்துவிட்டது. டாக்ஸி நிறுத்தத்தில் இரண்டு பையன்கள் மரப்பட்டை முகமூடி மாட்டிக்கொண்டு, திம்பாவின் ஆவி வந்திருக்கிறது என்று சொல்லித் துக்கக் காணிக்கை வசூலித்திருக்கிறார்கள். ஜனங்கள் பிடித்து அடித்ததில் ஒருவனுக்குக் கை முறிந்தது. அன்று மாலை அறிவிப்புகளின் கடைசியில் நானே இரண்டு வரி எழுதிச் சேர்த்தேன். மறைந்த கலைஞர் திம்பாவின் பெயரைச் சொல்லி முகமூடி அணிந்து வருகிறவர்கள் மோசடிக்காரர்கள், பொதுமக்கள் விழிப்புடன் இருக்கவும். விழிப்புடன் என்பது உங்கள் துறை வழக்கமாகப் பயன்படுத்துகிற சொல்தான். வெள்ளிக்கிழமை மூன்று வேளையும் வாசித்தேன். சனிக்கிழமை காலையிலும் வாசித்தேன்.

வெள்ளிக்கிழமை அவனுடைய அத்தை நிலையத்துக்கு ஃபோன் செய்தார். அழுது தீர்ந்த குரல்.

"குழி வெட்டியாச்சு, நாலொங்கோ, அவன் அப்பா பக்கத்துலயே. உடம்பைக் கேட்டா அந்த மேனேஜர் பய இன்னைக்கு நாளைக்குங்கிறான். வெட்டின குழியை வெறுமனே விடக்கூடாது, வேற ஆளைக் கேக்கும். உடம்பு வராதுன்னா சொல்லிடுங்க, அதுக்குப் பதிலா வாழைத்தண்டை வச்சு மூடிடுறோம். நீங்க சொன்னா சரி. வருமா, வராதா?"

"வரும்மா" என்றேன்.

அடக்கம் ஞாயிறு இரண்டு மணி என்று தாளில் இருந்தது. அதைத்தான் சொன்னேன். பாவம், வயதான பெண். ஃபோனை வைத்துவிட்டு அன்றைய அறிவிப்புத் தாள்களை வரிசையாக அடுக்கினேன். என்னைப் பற்றி நான் ஏதாவது தெரிந்துகொண்டது அப்போதுதான் என்றால், மனசு மிகவும் அமைதியாக இருந்தது என்பதைத்தான். சாப்பாட்டு இடைவேளையில் வாழைக்காய் மத்தோக்கேயும் நிலக்கடலைக் குழம்பும் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை. மைதானத்து ஒலிபெருக்கிகளில் எங்கள் நிலையத்தைத்தான் போட்டிருந்தார்கள், ஒரு மணி அறிவிப்பில் திம்பாவின் பெயர் இன்னொரு தடவை வரும் என்று. ஐந்து நிமிடம் முன்னதாகவே அங்கிருந்து அழைப்பு வந்தது. நிகழ்ச்சி நடத்துகிற கசுலே, நகைச்சுவைக்காரன். அன்றைக்கு அவன் குரலில் நகைச்சுவை இல்லை. அழைப்பை நேரடியாக ஒலிபரப்பில் இணைத்தார்கள்.

"நாலொங்கோ, இங்க ஒருத்தன் முகமூடியோட மேடையேறிட்டான். நாந்தான் திம்பாங்கிறான். துணியைக் கழட்டியும் காட்டிட்டான். இந்த மூஞ்சிய எவன் பாத்திருக்கான்? ஜனங்க கல்லைத் தூக்கிட்டாங்க. பஸ்காலி ஆமா ஆமாங்கிறான், அவனும் கூட்டாளின்னு அவனையும் போட்டு மிதிக்கிறாங்க. சீக்கிரம் ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவனுக்குப் பின்னால் திம்பாவின் குரல் கேட்டது. பயந்த குரல் இல்லை. "அவங்களையே கேளுங்கடா. நாலொங்கோ சொல்லுவாங்க. கேளுங்க." கூட்டம் அடங்கியது. உண்மையாகவே அடங்கியது, அஃபண்டே. அத்தனை ஆயிரம் பேரும் வாயை மூடி என் வாயைப் பார்த்தார்கள். நார்வேயில்கூட அவனுக்கு அப்படி ஒரு மௌனம் கிடைத்திருக்காது.

நான் சொன்னேன்: "எங்கள் அறிவிப்பில் திருத்தம் எதுவும் இல்லை."

ஒலிப்பதிவில் அந்த வாக்கியம் நான்கு வினாடி என்கிறீர்கள். இருக்கலாம். அதன் பிறகு மைதானத்திலிருந்து வந்த சத்தம் ஒலிபரப்புக்கு ஏற்றதல்ல. அழைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டு, வழக்கமாகப் போடுகிற துதிப்பாடலைப் போடச் சொன்னேன். மற்ற குடும்பங்களும் காத்திருக்கின்றன அல்லவா. அன்றைக்குப் பதினோரு அறிவிப்பு இருந்தது, ஒவ்வொன்றாக வாசித்தேன்.

ஐந்து மணிக்குப் பஸ்காலி வந்தான். கறுப்புக் கண்ணாடி இல்லை. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது, சட்டைக்கு ஒரு கைதான் மிச்சம். இந்தத் தடவை கன்னம் நனைந்திருந்தது. எதுகை மோனையோடு எழுதிய திருத்தத்தை மேசையில் வைத்தான்.

"உங்களுக்குத் தெரியும்" என்றான். "புதன்கிழமையே தெரியும். ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"உக்காருப்பா, தண்ணி குடி" என்றேன். உட்காரவில்லை. நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறான்.

அந்தத் தாளை வாசித்துப் பார்த்தேன். மோனை நன்றாகத்தான் விழுந்திருந்தது. திறமைசாலி, மறுக்க முடியாது. மாலை ஏழு மணிக்குச் செவ்வாய்க்கிழமைத் தாளையே எடுத்து மறுபடி வாசித்தேன். விருதுகள், நார்வே, பள்ளிப் பாடம், கேடயம், சிறைக் கவிதைகள், எல்லாம் அப்படியே. அடக்கம் ஞாயிறு இரண்டு மணி. ஒரு எழுத்து மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு உடம்பு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வாழைத்தண்டு தேவைப்படவில்லை.

ஆமாம், அவன் உயிரோடு இருப்பது தெரிந்துதான் சொன்னேன். சொன்னால் அவர்கள் அவனைக் கொல்வார்கள் என்பதும் தெரியும். அதற்காகத்தான் வியாழக்கிழமையே அந்த இரண்டு வரியை எழுதினேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காரணம் என்ற இடத்தில் தொழில் சுத்தம் என்று போடுங்கள். அந்தப் பாட்டு, என் கணவர் பெயர், அதையெல்லாம் சேர்க்க வேண்டாம். அது ஒரு காரணமே அல்ல.

சந்தேகமாக இருந்தால் சனிக்கிழமை மாலை ஒலிப்பதிவைப் போட்டுக் கேளுங்கள், அஃபண்டே. அவன் பெயருக்கு முன்னால் வருகிற இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். இதுவரை முப்பது தடவைக்கு மேல் நான் கேட்டுவிட்டேன். மூச்சு எங்கேயும் தட்டவில்லை.