சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கும்வரை

மேடை நாற்காலிகளில் நடுவில் இருப்பதற்கு மட்டும் ஏன் பூப்போட்ட துவாலை விரிக்கிறார்கள் என்பது எனக்கு இதுவரை விளங்கவில்லை. உட்காருகிற உறுப்பு எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே. பரீதாம்மா, இதைப் பர்மியத்தில் சொல்லும்போது சிரித்துவிடாதீர்கள். விசாரிக்கிறவர் தப்பாக எடுத்துக்கொள்வார்.

என் பெயர் உதயசூரியன். மிங்கலா தாங்ஞுன்டில் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் பேட்டையில், புறக்காவல் நிலையத்துக்கு உதவியாக ஒரு தொண்டர் குழு இருக்கிறது. கைப்பட்டை, டார்ச், விசில். அதிகாரம் அவ்வளவுதான். ஆனாலும் பட்டையைக் கட்டியதும் சிலருக்கு நடையே மாறிவிடும். எனக்கு அந்த ஆடம்பரமெல்லாம் ஆகாது. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் நான். வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல 'சயா' என்பார்கள். வேண்டாம் என்று சொன்னதில்லை. சொன்னால் அவர்கள் மனம் நோகும்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு, இடிபாட்டில் சிக்கியவரை மீட்பதுதான் முக்கியப் பாடம். சிக்கியவராகப் படுப்பது எப்போதும் ஜெபதாஸ். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மார்வலிக்காரன், ஓடியாட முடியாது, படுக்க முடியும். நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரையைச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் அவன் மனைவி மக்தலேனா அவனை வாசல் தாண்ட விடுவாள். இது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லப்போவதில்லை.

விதி ஒன்றே ஒன்று. சிக்கியவர் தகரத்துக்கடியில் அசையாமல் கிடக்க வேண்டும். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். நான் விசில் ஊதினால்தான் மீட்பு தொடங்கும்.

மேலிடத்து அதிகாரி முன்னால் செய்துகாட்ட வேண்டிய நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் டீக்கடைக்கு எதிரே ஒத்திகை பார்த்தோம். பாதியில் ஜெபதாஸ் தகரத்தை விலக்கித் தலையை நீட்டினான்.

"ஏய் உதயா, பொணத்துக்கு ஒரு லபெயே கிடைக்குமா? சீனி கம்மியா, பால் தூக்கலா."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்வரை சிரித்தார்கள். "மொதல்ல சயாவுக்கு ஊத்துங்க, மூஞ்சி செவந்துபோச்சு" என்று ராதா வேறு சேர்ந்துகொண்டாள். குழுவில் கெட்டிக்காரி அவள். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து யாரும் சிரிக்கலாம். பயிற்சியைப் பார்த்துச் சிரிப்பதுதான் எனக்கு ஒத்துவராது.

நிகழ்ச்சியன்று அதிகாரி வருவதற்கு முன்பே ஜெபதாஸைத் தகரத்துக்கடியில் படுக்கவைத்தேன். நல்ல வெயில். அவன் பையில் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது. இடிபாட்டில் கிடப்பவனுக்கு அது பொருந்தாது என்று எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

"சட்டுனு முடிச்சிரு உதயா, தகரம் சுடுது" என்றான்.

அதிகாரி துவாலை விரித்த நாற்காலியில் அமர்ந்தார், மாலை வாங்கினார், எழுந்தார், பேசினார். ஓர் உயிரைக் காக்க ஒவ்வொரு நொடியும் முக்கியம் என்பதை மிக மிக விரிவாக விளக்கினார். அந்த விளக்கத்தின் நடுவில் தகரம் அதிர்ந்தது. ஒரு கை வெளியே வந்து தரையைப் பிறாண்டியது. "மாத்திரை" என்று சன்னமாக ஒரு குரல். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. அதிகாரி பேச்சை நிறுத்தி, நடிப்பு பிரமாதம் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

ராதா வரிசையை விட்டு வந்தாள். "சயா, மாமா நெசமாவே துடிக்கிறாரு. ஊதுங்க."

"வரிசையில நில்லு."

"ஒங்க வரிசையத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்று ஓடப் பார்த்தாள். நான் கை காட்டியதும் இரண்டு பேர் அவளைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லக் கூடாது. அப்படித்தான் பழக்கியிருந்தேன்.

கை அடங்கிய பிறகும் பேச்சு அடங்கவில்லை. அது முடிந்ததும் ஊதினேன். மீட்பு ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது.

அடக்கம் முடிந்து மாத்திரை அட்டையை மக்தலேனாவிடம் கொடுத்தேன். அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை. அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, இது எப்படி ஒங்க கையில?" என்றாள். அந்த ஒரு கேள்வியால்தான் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன் ஊதவில்லை என்கிறீர்கள். அவன் சாகிறான் என்று தெரிந்தேதான் ஊதவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், மாற்றிப் பேசமாட்டேன். குழுவை உருவாக்கிய என்னை அதிகாரி மேடையில் பெயர் சொல்லிப் பாராட்டுவார் என்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று நின்றேன். நடுவில் ஊதினால் பேச்சு அறுந்துபோகும் அல்லவா. கடைசியில் அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார், தேடினார், "அந்த இந்தியப் பெரியவருக்கு நன்றி" என்று உட்கார்ந்துவிட்டார்.

பெயரைச் சொல்லியிருந்தால் அந்தக் கணமே ஊதியிருப்பேன். ஒரு மனிதனின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளாத அதிகாரியால் ஓர் உயிர் போயிற்று. இதையும் விசாரிக்கிறவருக்குச் சொல்லுங்கள், பரீதாம்மா. சொல்லிவிட்டு, இவர் எழுதுகிற தாளில் என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறாரா என்று கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.